நான் பார்க்காத பீஸில் என் நம்பர்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மென்பொருள் வெளியீட்டுக்கு நான் கையொப்பமிட்டேன். ‘இதன் மூல நிரலை எடுத்து, இயங்கும் கோப்பாக என் கணினியில் நானே தொகுத்துப் பார்த்தேன், எனக்குக் கிடைத்ததும் நீங்கள் இறக்கிக்கொள்ளப் போவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்’ என்பதே அந்தக் கையொப்பத்துக்குப் பொருள். ஆனால் நான் அன்று எதையும் தொகுத்துப் பார்க்கவில்லை. அதனால் ஒரு கெடுதியும் நேரவில்லை என்றுதான் பதினொரு மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதேனும் கெட்டிருந்தால் திட்டு வாங்கி, திருத்தி, அதோடு விட்டிருப்பேன். ஒன்றும் நேராமல் போனதால் அந்தப் பொய் என்னிடமே தங்கிவிட்டது. சோற்றில் அகப்பட்ட கல்லை விழுங்கிவிட்ட பிறகும் நாக்கு அதையே தேடிக்கொண்டிருப்பது போல, புதிய வெளியீட்டுக்கான வேலை இந்த ஆனியில் தொடங்கியபோது மனம் மீண்டும் மீண்டும் அங்கேயே போய் நின்றது.

மென்பொருளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. படித்துக்கொண்டு போனால் காரணம் விளங்கும். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் முதன்முதலில் வெளிவந்த ஃப்ரீநெட், 2003இல் தொடங்கிய ஐ2பி ஆகியவற்றின் வழியில் வந்த சிறிய திறமூல முயற்சி அது. மையச் சேவையகம் எதுவும் இல்லாமல், பயன்படுத்துவோரின் கணினிகளே ஒன்றுக்கொன்று வழிவிட்டு, யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதை மறைக்கும் பியர்-டு-பியர் வலை. வெளியீட்டுப் பொறுப்பில் மூன்று பேர் இருக்கிறோம். நிரலில் பெரும்பகுதியை எழுதுபவரும், தொகுத்து ஏற்றுபவரும் ஒருவர். அவரைப் புனைபெயரில் மட்டுமே எல்லாருக்கும் தெரியும். எந்த நாட்டவர் என்றுகூட நாங்கள் கேட்டதில்லை. கேட்காமலிருப்பது அந்த வேலையின் மரியாதை. இரண்டாமவர் கோபிச்செட்டிபாளையத்து நண்பர், சில ஆண்டுகளாக இதில் இருப்பவர். மூன்றாவது நான். திருப்பூர் மங்கலம் சாலையில் அப்பாவின் பனியன் ஜாப் வொர்க் யூனிட்டுக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, கீழே ஓவர்லாக் மெஷின்கள் ஓடும் சத்தத்தில் நிரல் படிப்பவன். சென்ற ஆடி வெளியீடுதான் நான் கையொப்பமிட்ட முதல் வெளியீடு.

துண்டுக்கு அடியில்

இந்த மென்பொருளால் யாருக்கு என்ன பயன் என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் கண்ணபுரம் சந்தைதான். சித்திரையில் மாரியம்மன் கோயில் தேரையொட்டிக் கூடும் அந்த மாட்டுச் சந்தைக்குச் சிறுவயதில் அப்புச்சி என்னைக் கூட்டிப்போயிருக்கிறார். காங்கேயம் காளைகளை விட எனக்கு வியப்பாக இருந்தது தரகர்கள் விலை பேசிய விதம். இருவர் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, அதற்கடியில் விரல்களைப் பிடித்தே விலை சொல்வார்கள். சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்பது இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். அந்தத் துண்டைக் குறியாக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் யார் யாரோடு கை கோத்திருக்கிறார், எத்தனை நேரம் பேசினார், அடுத்து யாரிடம் போனார் என்பதைத் துண்டு மறைக்காது. கெட்டிக்காரத் தரகர் ஒருவர் பத்தடி தள்ளி நின்று வெற்றிலை போட்டுக்கொண்டே பாதி வியாபாரத்தை அதிலிருந்து ஊகித்துவிடுவார். இன்று நம் கைப்பேசிச் செயலிகளில் பல துண்டைப் போட்டுவிட்டன. சந்தைக்கு யார் வந்தார்கள், யாரைத் தேடிப்போனார்கள் என்பதையும் மறைக்க முயல்வதுதான் ஐ2பி போன்ற வலைகளின் வேலை. அதில் ஒரு செய்தி பல கணினிகளின் வழியே சுற்றிப் போகும், அந்த வழிகளும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக மாறும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் சொன்னது. 2023 மே மாதத்தில், தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 14 செய்திப் பரிமாற்றச் செயலிகள் இந்தியாவில் முடக்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது, அந்தப் பட்டியலில் பிரையர், எலிமெண்ட் என்ற இரண்டு திறமூலச் செயலிகளும் இருந்தன. இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலுள்ள நிலத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் உழுதுகொண்டிருக்கிறோம். அதைப் பற்றி எனக்கு நிறையக் கருத்துண்டு, இன்று அது வேண்டாம்.

இங்கே சொல்ல வேண்டியது வேறு. இத்தகைய வலையில் ஒரு வெளியீட்டைத் திரும்பப் பெற முடியாது. இணையதளத்தில் தவறு நேர்ந்தால் சேவையகத்தில் பழைய பதிப்பை வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். எங்கள் மென்பொருளோ வெளியான மறுமணியில் முகம் தெரியாதவர்களின் கணினிகளில் போய் உட்கார்ந்துவிடும். ஐ2பியைப் போலவே எங்களிலும் புதுப்பிப்புகள் வலைக்கு உள்ளேயே டொரண்ட் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுகின்றன, ஆகவே எத்தனை படிகள் எங்கே இருக்கின்றன என்று எங்களுக்கே தெரியாது. பழைய பதிப்பை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் ஓட்டுபவர்களும் உண்டு, புதியது அவர்களோடும் பேசியாக வேண்டும். ஐ2பி தன் ரௌட்டர்களின் (அந்த வலையில் சேர்ந்த ஒவ்வொரு கணினியிலும் ஓடும் மென்பொருளின்) குறியாக்கச் சாவி வகையை மாற்றிய விதத்தை நான் இன்றும் வியப்போடு நினைத்துக்கொள்வதுண்டு. எல்லாரையும் ஒரே நாளில் மாறச் சொல்லாமல், ஒவ்வொரு ரௌட்டரும் தன்னை மறுதொடக்கம் செய்யும்போது ஒரு சிறிய வாய்ப்பின்படி மட்டும் புதிய சாவிக்கு மாறட்டும் என்று வைத்து, பல வெளியீடுகளுக்கு அந்த மாற்றத்தை நீட்டினார்கள். ஒரே நாளில் எல்லாரும் மாறினால் வலை தள்ளாடும், முதலில் மாறும் சிலர் கூட்டத்தில் தனித்துத் தெரிவார்கள். தனித்துத் தெரிவதுதான் இந்தத் தொழிலில் ஆபத்து. திருப்பூர்க்காரனுக்கு இதைப் புரியவைக்க ஒரு வரி போதும்: கப்பல் ஏறிய சரக்கு.

மின்தடை நாள்

அந்த ஆடி நாளில் எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்குப் போன மின்சாரம் மாலை 4 மணிக்குத்தான் வரும் என்று முதல் நாளே தெரியும். தெரிந்தும், முதல் நாள் இரவே தொகுத்து முடிக்காமல் சோம்பேறித்தனமாக இருந்துவிட்டேன். என்னுடைய மடிக்கணினி யூனிட்டின் பில் போடுவதற்காக வாங்கப்பட்டு, பிறகு எனக்குத் தள்ளிவிடப்பட்ட பழையது. நிறுவி உள்பட எல்லாவற்றையும் சோதனைகளோடு தொகுக்க அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், பேட்டரியோ நாற்பது நிமிடம் தாங்காது. யூனிட்டின் ஜெனரேட்டரில் போடலாமென்றால், ஷிப்மெண்ட் நெருக்கடியில் அப்பாவிடம் அதைக் கேட்கத் தைரியமில்லை. முக்கியமான ஒரு பாதுகாப்பு வழு திருத்தப்பட்ட வெளியீடு அது. தாமதமாகும் ஒவ்வொரு மணியும் பயன்படுத்துவோருக்கு ஆபத்து என்று மற்ற இருவரும் காத்திருந்தார்கள். தொகுத்தவர் அனுப்பிய ஷா-256 மதிப்பு, அதாவது கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முற்றிலும் மாறிவிடும் 64 எழுத்துக் கைரேகை, என் கைப்பேசியில் இருந்தது. கோபி நண்பரின் கையொப்பமும் வந்துவிட்டிருந்தது. இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள், மூன்றாவதாக நான் பார்த்து என்ன புதிதாகக் கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். அந்த 64 எழுத்துகளின் மீதே கையொப்பமிட்டு அனுப்பினேன். கீழே ஜெனரேட்டர் புகைந்துகொண்டிருந்தது.

இதில் வெட்கப்பட இன்னொன்றும் உண்டு. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எக்ஸ்இசட் விவகாரத்தைப் பற்றி மாணவர்களுக்கு நான் ஒரு மணி நேரம் முழங்கியிருந்தேன். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், எஸ்எஸ்எச் என்ற தொலை நுழைவு முறை வழியாக உள்நுழைய ஏன் அரை நொடி கூடுதலாக ஆகிறது என்று துருவிப் போய், எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த கள்ள வாசலைக் கண்டுபிடித்த கதை. மாணவர்களிடம் நான் அழுத்திச் சொன்ன இடம் ஒன்றுண்டு. அந்தக் கள்ள வாசலைத் திறக்கும் தொடக்க வரிகள் மூல நிரலை எல்லாரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கென்று தனியே கட்டி ஏற்றப்பட்ட டார்பால் என்ற கோப்புக்கட்டில் மட்டுமே இருந்தன. மூல நிரல் திறந்திருக்கிறது என்பதால் இறக்கிக்கொள்ளும் கோப்பும் அதுதான் என்று ஆகிவிடாது, இடையில் ஒரு மனிதரின் கணினி இருக்கிறது, அந்த இடைவெளியை அடைக்கத்தான் பலர் தனித்தனியே தொகுத்து ஒப்பிட வேண்டும் என்றேன். கை தட்டினார்கள். தொகுக்கும் கருவியே பொய் சொல்லக்கூடும் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் காட்டியதையும், லினக்ஸ் இயங்குதளமான டெபியன் திட்டத்தினர் 2013 முதல் ஆயிரக்கணக்கான பொதிகளை யார் தொகுத்தாலும் ஒரே பைட்டுகளாக வரச் செய்யப் பாடுபடுவதையும் சேர்த்துச் சொல்லியிருந்தேன். இவ்வளவும் தெரிந்தவன்தான் பார்க்காத ஒன்றுக்கு இரண்டு மாதத்தில் சாட்சி சொன்னான்.

ஒரு வரி

புதிய வெளியீட்டுக்கான பட்டியலைப் போட்டபோது, முதலில் பழைய கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. சென்ற ஆடிப் பதிப்பின் மூல நிரலைக் களஞ்சியத்தில் அதே இடத்திலிருந்து எடுத்து, அதே ஜாவா பதிப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தொகுத்தேன். பொருந்தினால் என் பொய் பின்னோக்கி உண்மையாகிவிடும் என்பது என் கணக்கு. பொருந்தவில்லை.

வயிற்றில் ஏதோ புரண்டது. டெபியன்காரர்கள் இதற்கென்றே செய்து வைத்திருக்கும் டிஃபோஸ்கோப் கருவியில், அவர் தொகுத்ததும் நான் தொகுத்ததுமான இரண்டு ஜார் கோப்புகளையும் கொடுத்தேன். முதலில் கொட்டியதெல்லாம் தேதிகள். ஜார் என்பது உள்ளே ஒரு ஜிப் கோப்பு. ஜிப் வடிவம் அந்தக் கால எம்எஸ்-டாஸ் முறைப்படி நேரத்தை எழுதும், இரண்டு நொடிக்குக் குறைந்த நுணுக்கம் அதற்குத் தெரியாது, எந்த நேர மண்டலம் என்பதையும் குறிக்காது. ஆகவே ஒரே கணத்தை அவருடைய கணினி ஒரு மணியாகவும், திருப்பூரில் என்னுடையது இன்னொரு மணியாகவும் எழுதியிருந்தன. அடுத்து, அமைப்புகளை எழுதிவைக்கும் ஜாவாவின் ப்ராப்பர்ட்டீஸ் கோப்புகள். அவற்றைச் சேமிக்கும் செயற்கூறு முதல் வரிகளில் யாரும் கேட்காமலேயே அன்றைய தேதியையும் நேரத்தையும் குறிப்பாக எழுதிவைக்கும் பழக்கமுடையது. என்னுடையதில் நேரத்துக்குப் பின்னால் ஐஎஸ்டி என்றிருந்தது. (இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் ஒரே மூன்றெழுத்துச் சுருக்கத்தை வைத்தவரை ஒருநாள் சந்திக்க வேண்டும்.) மூன்றாவது, ஜாருக்குள் கோப்புகள் அடுக்கப்பட்ட வரிசை. கோப்புறையை வாசிக்கும்போது வட்டு எந்த வரிசையில் தருகிறதோ அந்த வரிசையில் அடுக்கியிருந்தது. இவை எல்லாமே நிரலாளர்கள் நன்றாக அறிந்த, தீங்கற்ற வேறுபாடுகள். மூச்சு விட்டேன்.

மூச்சு விட்ட பிறகுதான் இன்னொன்று உறைத்தது. இந்த வேறுபாடுகள் தீங்கற்றவைதான், ஆனால் தவிர்க்கவே முடியாதவை. அவருடைய கணினியில், அவருடைய நேர மண்டலத்தில், அந்தக் குறிப்பிட்ட நொடியில் தொகுத்தால் மட்டுமே அந்த 64 எழுத்துகள் வரும். உலகில் வேறெந்தக் கணினியிலும் வராது. அப்படியானால் கோபி நண்பருக்கு எப்படிப் பொருந்தியது? சில ஆண்டுகளாக, வெளியீட்டுக்கு வெளியீடு, அவருடைய கையொப்பம் தொகுத்தவரின் கையொப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொருந்தியிருக்கவே முடியாது. அவரும் பார்க்கவில்லை. ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்றே அன்று நினைத்தேன். தொகுத்தவரோ, நண்பர் கையொப்பமிடுகிறார் என்பதாலேயே தன் தொகுப்பு எங்கும் ஒன்றுபோல் வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். மூன்று கையொப்பங்கள் என்று நாங்கள் பெருமையாகப் பறைசாற்றியது ஒரு மனிதரின் சொல்லை மூன்று முறை எதிரொலித்ததுதான்.

அந்த இரவு அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். தேதிகளைக் கழித்துவிட்டு மிச்சமிருந்த வேறுபாடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தபோது, ஜாரைப் பற்றிய விவரங்களைச் சொல்லும் மானிஃபெஸ்ட் கோப்பில் ஒரு வரி இரண்டு விதமாக இருந்தது. ‘பில்ட்-பை’ என்று தொடங்கும் வரி. நாங்கள் தொகுக்கப் பயன்படுத்தும் பழைய மேவன் கருவி, தொகுப்பவர் எந்தப் பயனர் பெயரில் கணினிக்குள் நுழைந்திருக்கிறாரோ அதை எடுத்து அங்கே தானாக எழுதிவிடும். என் பக்கத்தில் ‘பில்லிங்’ என்றிருந்தது. பில் போட வாங்கிய கணினி அல்லவா, அந்தப் பயனர் பெயரை நான் மாற்றவேயில்லை. ஒரு கணம் சிரிப்பு வந்தது. பிறகு எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு மனிதரின் பெயர் இருந்தது. புனைபெயர் இல்லை. முதற்பெயரும் குடும்பப் பெயரும், நடுவில் ஒரு புள்ளி.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. யார் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகத் தன் வாழ்நாளின் சில ஆண்டுகளைச் செலவிட்டு, முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு முகமூடி தைத்துக் கொடுத்தவர், ஒவ்வொரு முகமூடியின் உள்மடிப்பிலும் தன் பெயரைத் தைத்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அது தனக்கே தெரியாமல். பதிவேடுகளில் இருந்த பழைய வெளியீடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்பதில் ஏழில் அந்தப் பெயர் இருந்தது. முதல் இரண்டையும் வேறு கணினியில் தொகுத்திருக்கிறார் போலும். ஜார் கோப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இரண்டு நிமிட வேலை. இத்தனை ஆண்டுகளில் யாரேனும் பார்த்தார்களா, பார்த்து மௌனமாக இருந்தார்களா, மௌனமாக இருந்தவர்கள் நல்லவர்களா என்பதை அறிய வழியேயில்லை. அந்த ஏழில் எந்த ஒன்றையாவது எங்களில் யாரேனும் ஒருமுறை நேர்மையாகத் தொகுத்து ஒப்பிட்டிருந்தால், அன்றைக்கே பொருந்தாமல் போயிருக்கும், காரணம் தேடியிருப்போம், இந்த வரியில் வந்து நின்றிருப்போம். கெடுதி ஒன்றும் நேரவில்லை என்று பதினொரு மாதங்களாக நான் எண்ணியது எந்த அளவுக்கு அறியாமை என்று அப்போதுதான் தெரிந்தது.

சொல்வதா, எப்படிச் சொல்வது

மறுநாள் கோபி நண்பரைக் கூப்பிட்டேன். பெயரைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை, அது அவரிடம் சொல்வதற்கு என்னுடையதல்ல. தொகுப்பைப் பற்றி மட்டும் கேட்டேன். “ஏனுங்க, போன ஆடி வெளியீட்டை நீங்க தொகுத்துப் பாத்தீங்களா?” சிறிது நேரம் பதிலில்லை. பிறகு, “நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சனுங்க” என்றார். அவர் கையொப்பமிட்டபோது என்னுடையது வரவேயில்லை என்பதை நான் நினைவூட்டவில்லை. அவரே நினைத்துக்கொண்டு, “முதல் தடவை பாத்தப்ப சேரலைங்க. தேதி வித்தியாசந்தான்னு தோணுச்சு. அவரப் போயி சந்தேகப்படறாப்பல கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருந்துது” என்றார்.

அந்த ‘ஒரு மாதிரி’ எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் சரிபார்ப்பது அவமதிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். கொடுத்த பணத்தை எதிரிலேயே எண்ணினால், “நம்ம மேல நம்பிக்கை இல்லீங்களா?” என்ற கேள்வி வராமல் இருக்காது. எண்ணாமல் மடித்துப் பையில் வைப்பதுதான் பெரியமனிதத்தனம். நானும் கோபி நண்பரும் இட்ட கையொப்பங்கள் அப்படி மடித்து வைத்த பணந்தான். ‘நான் பார்த்தேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நான் அவரை நம்புகிறேன்’ என்று சொல்லியிருக்கிறோம். இரண்டும் வேறு வேறு வாக்கியங்கள். இரண்டாவது வாக்கியம் எவ்வளவு உண்மையானாலும், முதலாவதற்காகக் காத்திருப்பவருக்கு அதனால் உபயோகமில்லை.

யூனிட்டில் செக்கிங் டேபிளில் ஓர் அக்கா இருந்தார், நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து. ஒவ்வொரு செக்கருக்கும் ஒரு நம்பர். பார்த்து முடித்த பீஸில் அந்த நம்பர் போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். பையர் தரப்பு ஆள் வந்து பெட்டியைப் பிரித்துப் பார்க்கும்போது ஓட்டையோ எண்ணெய்க் கறையோ அகப்பட்டால், ஸ்டிக்கரை வைத்து யார் பார்த்தது என்று தெரிந்துவிடும். ஒரு ஷிப்மெண்ட் இரவில், பக்கத்து டேபிள் பெண் காய்ச்சலென்று வீட்டுக்குப் போய்விட, அவர் பார்த்து அடுக்கி ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்டிருந்த அடுக்கை இந்த அக்காவின் பக்கம் தள்ளி, “பாத்ததுதான், ஒட்டி மட்டும் விடுங்க” என்றார் அப்பா. அக்கா ஸ்டிக்கர் ரோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “அந்தப் புள்ள பாத்துருந்தா அந்தப் புள்ள நம்பர ஒட்டுங்கண்ணா. நாம் பாக்காத பீசுல எந்நம்பரு எதுக்குங்க?” அப்பா கத்தினார். அக்கா பதில் பேசாமல் முழு அடுக்கையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துத்தான் ஒட்டினார். வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனது. அந்த அடுக்கில் ஏதும் பழுது இருந்ததாக எனக்கு நினைவில்லை. அப்பாவுக்கு அதில் இன்றும் கோபம் உண்டு.

புனைபெயர்க்காரருக்கு எழுதுவதுதான் கடினமாக இருந்தது. வழக்கமான குழு உரையாடலில் எழுத முடியாது. குறியாக்கிய தனி மடலில், பெயரை எழுதாமல், எந்தக் கோப்பில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதினேன். நான் தொகுக்காமல் கையொப்பமிட்டதையும் அதிலேயே சேர்த்தேன், அதைப் பிரித்து எழுதினால் தப்பித்துக்கொள்வது போலிருக்கும். ஆறு நாட்கள் பதில் இல்லை. திட்டத்தை விட்டே போய்விட்டார் என்று முடிவு கட்டியிருந்தேன். ஏழாம் நாள் மூன்று வரியில் பதில் வந்தது. எத்தனை வெளியீடுகளில் இருக்கிறது என்று கேட்டிருந்தார். கோபி நண்பருக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார். என் கையொப்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பிறகு நாங்கள் இருவரும் விவாதித்தது ஒரே கேள்வியை: இதை எப்படித் திருத்துவது? பழைய கோப்புகளைப் பதிவிறக்கப் பக்கத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றேன். எடுத்தால் ஏன் எடுத்தார்கள் என்று நாலு பேர் தங்களிடமிருக்கும் படியைப் பிரித்துப் பார்ப்பார்கள், வலைக்குள் பரவிய படிகள் எங்கும் போகப்போவதில்லை, அப்படியே கிடக்கட்டும் என்றார். மாற்றக் குறிப்பில் என்ன எழுதுவது என்பது இன்னும் சிக்கல். எங்கள் தவறுகளை மறைக்காமல் குறிப்பில் எழுதுவோம் என்று திட்டத்தின் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறோம். முழுவதையும் எழுதினால் அதுவே அவர் கதவைக் காட்டும் கைகாட்டி மரம். கடைசியில், தொகுப்பு எங்கும் ஒன்றுபோல் வருவதற்காக நேர மண்டலம் உலகப் பொது நேரமான யூடிசியாக நிறுத்தப்பட்டது, கோப்பு வரிசை ஒழுங்கு செய்யப்பட்டது, தேதிக் குறிப்புகளும் மானிஃபெஸ்டில் இயந்திரம் சார்ந்த வரிகளும் நீக்கப்பட்டன என்று நான்கு திருத்தங்களில் ஒன்றாக அதையும் வைத்தோம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் சொல்லாமல் மறைப்பது எப்படி என்று ஒருவகையில் எங்கள் மென்பொருளின் முழுநேரத் தொழிலே அதுதானே என்று அவர் எழுதியபோது, அவர் சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரையை எழுத அவர் சம்மதித்தார். சில விவரங்களை அவர் சொன்னபடி மாற்றியிருக்கிறேன்.

மறைமுக ஏலம்

கையொப்ப முறையையும் மாற்றினோம். தொகுப்பு எங்கும் ஒன்றுபோல் வரத் தொடங்கிவிட்டால், இனி ஏமாற்றுவது முன்பை விட எளிது. முதலில் ஒருவர் வெளியிடும் 64 எழுத்துகளை மற்றவர் நகலெடுத்துக் கையொப்பமிட்டால் கண்டுபிடிக்க வழியே இல்லை, எல்லாம் அழகாகப் பொருந்தும். சோம்பேறித்தனம் என்னும் நோயின் முழு விவரமும் எனக்குத் தெரியுமாதலால், இதற்கு ஒரு பூட்டு வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்திக்கு நடக்கும் மறைமுக ஏலம் நினைவுக்கு வந்தது. வியாபாரிகள் குவியலைப் பார்த்து, ஆளுக்கொரு விலையைச் சீட்டில் எழுதிப் போட்டுவிடுவார்கள். எல்லார் சீட்டும் விழுந்த பிறகே பிரிப்பார்கள். அடுத்தவர் விலையைக் கேட்டுவிட்டு ஒரு ரூபாய் கூட்டிச் சொல்ல முடியாது.

அதையே செய்தோம். ஒவ்வொருவரும் தொகுத்து முடித்ததும், தனக்குக் கிடைத்த மதிப்போடு தான் மட்டும் அறிந்த ஒரு நீண்ட இரகசியச் சரத்தைச் சேர்த்து, இரண்டுக்கும் சேர்ந்த ஹாஷை, அதாவது ஷா-256 போன்ற கைரேகையை, முதலில் வெளியிட வேண்டும். அதிலிருந்து உள்ளே இருப்பதை யாரும் எடுக்க முடியாது, வெளியிட்டவரும் பிறகு மாற்ற முடியாது. மூன்று சீட்டுகளும் விழுந்த பிறகு, மூவரும் தங்கள் மதிப்பையும் சரத்தையும் திறந்து காட்ட வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டுமே கையொப்பம், பிறகே வெளியீடு. இரண்டு பேர் தனியே பேசி வைத்துக்கொண்டு ஏமாற்ற நினைத்தால் இதுவும் தடுக்காதுதான். குறைந்தபட்சம், அதற்கு வாய்விட்டுப் பேச வேண்டியிருக்கும். மௌனமாக, மரியாதையின் பெயரால் நடப்பதை இது தடுக்கும். கோபி நண்பர் இதைக் கேட்டதும், இத்தனை நாள் மனதில் கனத்துக்கொண்டிருந்ததை இறக்கி வைத்தது போலிருக்கிறது என்றார். சரிபார்ப்பதை விதி கேட்கும்போது அதில் யாருக்கும் அவமதிப்பில்லை அல்லவா.

நேற்று முன்தினம் இரவு சீட்டுகளைத் திறந்தோம். கணினியில் பயனர் பெயரை நான் மாற்றவில்லை, ‘பில்லிங்’ அப்படியே இருக்கட்டும், இனி அது வெளியே போகிறதா என்று பார்க்க அதுவே நல்ல சோதனை. வெளியே போகவில்லை. என்னுடையதும் தொகுத்தவருடையதும் 64 எழுத்தும் ஒன்றாக இருந்தன. திரையில் இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, யூனிட்டில் அளவு நாடா பிடித்துப் பார்ப்பது போல விரலை வைத்துக்கொண்டே ஒருமுறை படித்தேன், இயந்திரம் ஏற்கெனவே ஒப்பிட்டுச் சொல்லிவிட்ட பிறகும்.

கோபி நண்பருடையது பொருந்தவில்லை. வீட்டுக் கணினி பழுதென்று அலுவலக விண்டோஸ் கணினியில் தொகுத்திருக்கிறார். அங்கே கிட், உரைக் கோப்புகளின் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு கூடுதல் எழுத்தைச் சேர்த்திருக்கக்கூடும் என்பது எங்கள் ஊகம். ஊகந்தான். “அதுதானுங்க காரணம், நீங்க போட்டு விட்டுருங்க, நான் அப்பறமா பாத்துக்கறேன்” என்று அவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கணினி சரியாகி வரும், அதில் மறுபடி தொகுத்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். வெளியீடு அதுவரை நிற்கிறது. எங்கள் பகுதிக்கு நாளை காலை 9 மணி முதல் மின்தடை.